கையில் ஒரே ஒரு நல்ல கேண்டிடேட்: ஆஃபர் கொடுக்கலாமா, காத்திருக்கலாமா?

புதுநிறுவனர்:

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் இப்போது 140 பேர் இருக்கிறோம். இதுவரை பண விஷயங்களை நானும் எங்கள் மூத்த கணக்காளரும் சேர்ந்து சமாளித்து வந்தோம். இனி அது முடியாது. முதல்முறையாக ஒரு நிதித் தலைவரை, அதாவது சி.எஃப்.ஓ.வை, வெளியிலிருந்து எடுக்கப் பார்க்கிறோம்.

தேட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இதற்கென்று ஒரு தேடல் நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறோம். அவர்கள் தந்த பட்டியலில் 40 பெயர்கள் இருந்தன. 11 பேரிடம் போனில் பேசி, நான்கு பேரை நேரில் பார்த்தோம். ஒருவரை அவருடைய நிறுவனமே சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொண்டது. இன்னொருவர், தனக்குக் கீழே பெரிய அணி இல்லாமல் வேலை ஓடாது என்று தானே சொல்லி விலகிவிட்டார். மூன்றாமவர் பட்டியலை நிரப்பக் கூட்டி வந்தவர் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

மீதி ஒருவர்தான். நல்ல அனுபவம், தெளிவான பேச்சு. எங்கள் அணியில் பார்த்த எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "நாளைக்கே ஆஃபர் கொடு" என்கிறார் என் பார்ட்னர். தேடல் நிறுவனமும் அதையேதான் சொல்கிறது.

எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. அவரிடம் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அவர் இந்த வேலைக்குச் சரியானவர் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று யோசித்தால் பதில் வரவில்லை. நான் இதுவரை ஒரு சி.எஃப்.ஓ.வோடு வேலை பார்த்ததே இல்லை. இவரைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆளும் இல்லை. இன்னும் இரண்டு நல்ல ஆட்கள் வரட்டும் என்று காத்திருப்பது நியாயமா, வெறும் பயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி:

ஆஃபர் கொடுங்கள். நல்ல ஆள் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டார். நான்கு மாதம் என்பதே அதிகம். நிதி நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் உங்கள் சொந்த வேலையை விட்டுவிட்டு அந்த வேலையைப் பார்க்கிறீர்கள். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் இருக்கிறது.

புள்ளியியல்:

இதற்கு ஒரு பழைய கணக்கே உண்டு. 'செயலாளர் புதிர்' என்பார்கள். 1960-இல் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் இதன் ஒரு வடிவத்தை எழுதிய பிறகு பரவலாகத் தெரிந்தது. ஒவ்வொருவராக வருகிறார்கள், பார்த்ததும் முடிவு சொல்ல வேண்டும், வேண்டாம் என்று அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 37 சதவீதம் பேரைச் சும்மா பார்த்து அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருபவர்களில் அவர்கள் எல்லோரையும்விட மேலானவர் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதுதான் சிறந்த வழி.

நீங்கள் 11 பேரைப் பார்த்துவிட்டீர்கள். அவர்களில் இவர்தான் மேல். கணக்குப்படி நிறுத்தலாம்.

ஆள்தேடி:

புள்ளியியல் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அந்தப் புதிரில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்தச் சிறந்த வழியைப் பிசகாமல் பின்பற்றினாலும், ஆட்கள் நிறைய இருக்கும்போது, உண்மையிலேயே முதலிடத்தில் இருப்பவர் கையில் கிடைக்க வாய்ப்பு 37 சதவீதம்தான். ஒருவரைப் பார்த்து, அனுப்பி, அடுத்தவரைப் பார்ப்பது என்ற முறையே அவ்வளவு மோசமானது. மூன்று பேரை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது அந்தப் பொறியிலிருந்து வெளியே வரும் வழி. தேடல் நிறுவனத்துக்கு நீங்கள் காசு கொடுப்பதே அதற்காகத்தான்.

நான் 18 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்தைத் திறந்து சொல்லிவிடுகிறேன். தேடல் நிறுவனம் "இவருக்கே கொடுங்கள்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி வேலைக்கு எங்கள் கட்டணம் பெரும்பாலும் அந்தப் பதவியின் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை மூன்று தவணையாக வாங்குவது வழக்கம். நான்காவது மாதத்தில் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்பவரின் மேஜையில் புதிதாக மூன்று தேடல்கள் வந்திருக்கும். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. முடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இயல்பாகவே இருக்கும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒவ்வொரு தேடல் நிறுவனத்துக்கும் 'தொடக்கூடாத நிறுவனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். எங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து நாங்கள் ஆள் இழுக்க மாட்டோம் என்பது ஒப்பந்தம். பெரிய தேடல் நிறுவனம் என்றால் வாடிக்கையாளர்கள் அதிகம், அதனால் அந்தப் பட்டியலும் நீளம். உங்களுக்குப் பொருத்தமான ஆட்கள் இருக்கும் இடமே அதில் மாட்டியிருக்கலாம். "நல்ல ஆட்கள் சந்தையில் இல்லை" என்று உங்களிடம் சொல்லியிருந்தால், அதற்கு "எங்களால் கூப்பிட முடிந்த இடத்தில் இல்லை" என்றும் அர்த்தம் இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டியது. பரவாயில்லை, இப்போது கேளுங்கள். யாரையெல்லாம் உங்களால் தொட முடியாது என்று நேராகக் கேளுங்கள்.

அப்புறம், அந்த மூன்றாமவர். ஒரு வலுவான ஆளையும் அவர் பக்கத்தில் இரண்டு சுமாரான ஆட்களையும் வைத்தால், பார்ப்பவருக்குத் தான் தேர்ந்தெடுத்ததாகத் திருப்தி வந்துவிடும். எங்கள் தொழிலில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மூன்று பெயர் இருப்பதில் பலன் இல்லை. மூன்று பேரில் யார் வந்தாலும் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள் என்ற நிலை வந்தால்தான் அது ஷார்ட்லிஸ்ட்.

பழைய_இயக்குநர்:

இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தபோது இதே இடத்தில் நின்றிருக்கிறேன். நாங்கள் தேடியது செயல்பாட்டுத் தலைவரை. கடைசியில் கையில் இருந்தது ஒருவர். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எடுத்தோம். 14 மாதத்தில் பிரிந்தோம்.

அவர் கெட்டிக்காரர்தான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் போன பிறகு ஒருநாள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதவிக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் எழுதிய குறிப்பு அதில் இரண்டு பிரதிகளாக இருந்தது. தேடல் தொடங்கியபோது எழுதியதில், தடுமாறிக்கொண்டிருந்த இரண்டு ஆலைகளை நிமிர்த்தியவர் வேண்டும் என்பது முதல் வரி. நான்கு மாதம் கழித்து எழுதியதில் அந்த வரி ஆறாவது இடத்துக்குப் போயிருந்தது. முதல் வரியில், வளர்ச்சியைத் திட்டமிடத் தெரிந்தவர் வேண்டும் என்று இருந்தது. அது எங்கள் ஒரே கேண்டிடேட்டின் பலம். யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, வேலையை அவருடைய அளவுக்குத் தைத்துவிட்டோம். எங்கள் ஆலைகளுக்குத் தேவைப்பட்டது அப்படியே கிடந்தது.

ஆலையை நிமிர்த்திய ஒருவர் அதே வாரத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த முதல் வரி நகர்ந்திருக்காது. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். ஒருவர் மட்டும் இருக்கும்போது கேள்வி "இவர் நல்லவரா?" என்று ஆகிவிடுகிறது. நல்ல ஆளைப் பார்த்து இல்லை என்று யார் சொல்வார்? மூன்று நல்லவர்கள் இருக்கும்போதுதான், நல்லவரா என்ற பேச்சை விட்டுவிட்டு நமக்கு எது வேண்டும் என்று பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

பொதுவில் தெரிந்த இரண்டு உதாரணங்கள். 2010-இல் ஹெச்பி நிறுவனம் லியோ அப்போதெக்கரைத் தலைமைச் செயல் அதிகாரியாக நியமித்தபோது, இயக்குநர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் சந்தித்திருக்கவே இல்லை என்று பிறகு செய்திகள் வந்தன. பதவியேற்று ஒரு வருடம் நிறைவதற்குள், 2011 செப்டம்பரில், அவரை மாற்றிவிட்டு மெக் விட்மனைக் கொண்டுவந்தார்கள். அடுத்தது மைக்ரோசாஃப்ட். 2013-இல் ஸ்டீவ் பால்மர் விலகுவதாக அறிவித்த பிறகு நடந்த தேடலில், 100-க்கும் மேற்பட்ட பெயர்களில் தொடங்கி, பல டஜன் பேரிடம் பேசி, சுமார் 20 பேர் மீது கவனத்தைக் குவித்ததாகத் தேர்வுக் குழுவை நடத்திய ஜான் தாம்சனே பொதுவில் எழுதினார். 2014 பிப்ரவரியில் அவர்கள் நியமித்தது உள்ளேயே பல வருடம் இருந்த சத்யா நாதெல்லாவை. உள்ளே இருந்தவரைத்தான் எடுக்கப்போகிறோம் என்றால் அத்தனை பேரை ஏன் பார்த்தார்கள் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தத் தேடல் வீணாகத் தெரியவில்லை. வெளியில் இருந்த பலரோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகு எடுத்த முடிவு என்பதே அவருக்கும் குழுவுக்கும் ஒரு பலம்.

நேர்வழி:

பழைய_இயக்குநர் ஐயா, அந்தக் குறிப்பு மாறிய கதை உறைத்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். மைக்ரோசாஃப்ட் மாதிரி இடத்துக்கு 20 பேர் வரிசையில் நிற்பார்கள். 140 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு மூன்று வலுவான ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

ஆள்தேடி:

20 தேவையில்லை. உண்மையான மூன்று போதும், இரண்டுகூட ஒன்றைவிட எவ்வளவோ மேல். சின்ன நிறுவனங்களில் ஆள் கிடைக்காமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், ஏற்கெனவே அதே பதவியில் இருப்பவர்களை மட்டுமே தேடுவது. பெரிய நிறுவனத்தில் இரண்டாம் நிலையில் இருந்துகொண்டு, முதல்முறையாகத் தலைமைப் பொறுப்புக்குத் தயாராக இருப்பவர்களைத் தேடுங்கள். பட்டியலே வேறாகிவிடும்.

மனிதவளம்:

ஒப்பிடுவதைப் பற்றி நடந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐரிஸ் போனெட், அலெக்ஸாண்ட்ரா வான் கீன், மாக்ஸ் பேசர்மன் மூவரும் 2016-இல் வெளியிட்டது. ஒருவரைத் தனியாக மதிப்பிட்டவர்கள் ஆண், பெண் என்ற முன்முடிவுகளின் பக்கம் சாய்ந்தார்கள். இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அவரவர் முன்பு எப்படி வேலை செய்தார்கள் என்பதைப் பார்த்தார்கள். தனியாகப் பார்க்கும்போது ஒப்பிட நம் மனதில் இருக்கும் பொதுப் படம்தான் துணை. அந்தப் படம் பெரும்பாலும் தப்பு.

அதே 2016-இல் வந்த இன்னொன்று: கல்விப் பணிகளுக்கான இறுதிப் பட்டியல்களை ஸ்டெஃபனி ஜான்சன் குழு பார்த்தபோது, பட்டியலில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்று தெரிந்தது. இரண்டு பெண்கள் ஆனதும் நிலைமையே மாறியது. தனியாக நிற்பவர் வித்தியாசமானவராகவே தெரிகிறார். நீங்கள் சேர்க்கப்போகும் ஆட்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நடைமுறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று பேரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதி வைத்த பிறகே கூடிப் பேசுங்கள். முதலில் பேசிவிட்டால் மூத்தவர் சொன்னதுதான் எல்லோருடைய கருத்தும். கேள்விகளை ஒழுங்குபடுத்திக் கேட்கும் நேர்காணல், சும்மா அரட்டையாகப் போகும் நேர்காணலைவிட நன்றாகக் கணிக்கிறது என்பது பல வருட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆட்கள் பலர் இருந்தும் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு பேச்சு என்றால் ஒப்பிட ஒன்றும் கிடைக்காது.

உள்ளிருந்து:

எல்லோரும் வெளியில் இருப்பவர்களையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மூத்த கணக்காளர்? அவரை யாராவது கேட்டீர்களா?

மாத்யூ பிட்வெல் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முதலீட்டு வங்கியின் ஊழியர்களைப் பற்றியது. வெளியிலிருந்து வந்தவர்கள், அதே வேலைக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிட சுமார் 18 சதவீதம் அதிகம் சம்பளம் வாங்கினார்கள். முதல் இரண்டு வருடம் அவர்களுடைய செயல்திறன் மதிப்பீடு குறைவாகவும் இருந்தது. ஒரே நிறுவனத்தின் கதைதான், எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவரையும் அதே கேள்விகளோடு உட்கார வைக்காமல் விடுவது தவறு.

இதில் வலியும் உண்டு. பலமான ஆட்களைப் போட்டியில் நிறுத்தினால் தோற்பவர்கள் தங்க மாட்டார்கள். 2000-இல் ஜாக் வெல்ச்சுக்குப் பிறகு யார் என்று ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மூன்று பேர் களத்தில் இருந்தார்கள். ஜெஃப் இமெல்ட் தேர்வானார். சில நாட்களிலேயே ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும், ஜேம்ஸ் மெக்நெர்னி 3எம் நிறுவனத்துக்கும் தலைவர்களாகப் போய்விட்டார்கள். அந்த விலையைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

இரண்டாமிடம்:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு முறை கடைசி இருவரில் ஒருவராக நின்று தோற்றிருக்கிறேன்.

முதல் நிறுவனம் ஏழு சுற்று நேர்காணல் வைத்தது. விடுப்பு எடுத்து எடுத்துப் போனேன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. வேறொருவரை நியமித்த செய்தியை நான் வெளியிலிருந்து தெரிந்துகொண்டேன். அந்த வேதனை இன்னும் இருக்கிறது. யார் கேட்டாலும் அந்த இடத்தைப் பற்றி என்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

இரண்டாவது நிறுவனத்தின் தலைவர் முதல் நாளே சொன்னார்: "இன்னும் இரண்டு பேரைப் பார்க்கிறோம், இந்தத் தேதிக்குள் முடிவு சொல்வோம்." எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்ன தேதிக்கு அவரே போன் செய்து, எனக்கு இல்லை என்பதையும் ஏன் என்பதையும் சொன்னார். எட்டு மாதம் கழித்து, அவர்கள் எடுத்தவர் சொந்தக் காரணத்துக்காக விலகியதும், அதே தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். இன்று அங்கேதான் வேலை செய்கிறேன்.

புதுநிறுவனருக்கு ஒரே வேண்டுகோள். காத்திருக்க முடிவு செய்தால் அந்த ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "உள்ளே சில நடைமுறைகள் இருக்கின்றன" என்று இழுக்காதீர்கள். எங்களுக்கு அது பொய் என்று தெரியும்.

புதுநிறுவனர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பழைய_இயக்குநர் சொன்னதேதான். முதலில் எழுதியதில் "பணம் வந்து சேரும் வேகத்தைச் சரிசெய்தவர்" என்று இருந்தது. இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருப்பது முதலீட்டாளர்களிடம் நன்றாகப் பேசத் தெரிந்தவரைப் பற்றி. எப்போது மாறியது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் இன்று பேசிவிட்டேன். இன்னும் இருவரைப் பார்க்க விரும்புகிறோம், ஐந்து வாரத்தில் பதில் சொல்வோம் என்றேன். ஒரு நொடி மௌனம். பிறகு சரி என்றார்.

பழைய_இயக்குநர்:

அந்த ஐந்து வாரத்தை நீட்டாதீர்கள். ஆள் வரவில்லை என்றால் வரவில்லை. அப்போது இவரை எடுப்பதில் தவறே இல்லை, ஆனால் பழைய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

புதுநிறுவனர் (ஏழு வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

தொடக்கூடாத பட்டியலைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்கள். எங்கள் துறையில் எங்களைவிட ஒரு படி பெரிய நிறுவனங்கள் ஐந்து அதில் இருந்தன. அந்த ஐந்தில் நாங்களே, தெரிந்தவர்கள் மூலம், விசாரித்தோம். இரண்டாம் நிலையில் இருந்த ஒருவர் கிடைத்தார். தேடல் நிறுவனம் வேறு துறையிலிருந்து இன்னொருவரைக் கொண்டுவந்தது. எங்கள் மூத்த கணக்காளரையும் கேட்டேன். தனக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்றார், ஆனால் வருபவரை நேர்காணல் செய்ய உட்காருகிறேன் என்றார். அதுவரை அவரை அந்த அறைக்குள் கூப்பிடவே எனக்குத் தோன்றாதது இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று பேரிடமும் அதே எட்டுக் கேள்விகள். ஒன்று, "முதல் 90 நாளில் எதைத் தொடுவீர்கள்?" முதல் கேண்டிடேட் அடுத்த முதலீட்டுக்குத் தயாராவதைப் பற்றி மிக அழகாகப் பேசினார். அவரை மட்டும் பார்த்திருந்தால் அதுதான் சிறந்த பதில் என்று நினைத்திருப்பேன். அந்த இரண்டாம் நிலை ஆள் பதில் சொல்லும் முன் திருப்பிக் கேட்டார்: "பில் அனுப்பியதிலிருந்து பணம் வர உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது? அதிகம் தாமதிப்பது யார்?" எங்கள் கணக்காளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரையே எடுத்தோம். தனித்தனியாக எழுதிய மதிப்பெண்களில் நான்கு பேரில் மூன்று பேர் அவரைத்தான் முதலில் போட்டிருந்தோம். என் பார்ட்னர் மட்டும் முதல் கேண்டிடேட்டைப் போட்டிருந்தார், அதற்கு அவர் சொன்ன காரணங்களும் லேசானவை அல்ல. முதலீட்டாளர் விஷயத்தில் இவருக்கு அனுபவம் குறைவு. அதை நாங்கள் சுமக்க வேண்டும்.

நேர்வழி:

நான் உடனே கொடுக்கச் சொன்னேன். இந்தப் பதிவைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். வாழ்த்துகள்.

இரண்டாமிடம்:

முதல் கேண்டிடேட்டிடம் யார் சொன்னது? காரணம் சொன்னீர்களா?

புதுநிறுவனர்:

நானே போன் செய்தேன், சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்பு. எங்களுக்கு முதலில் வேண்டியது வசூலைச் சரிசெய்யும் ஆள் என்பது மூன்று பேரோடும் பேசிய பிறகுதான் எங்களுக்கே தெளிவாயிற்று, அது தெரியாமல் உங்களை நான்கு மாதம் காக்க வைத்தது என் தவறு என்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கடைசியில், "அந்த எட்டுக் கேள்வியில் வசூல் பற்றி ஒன்றுகூட இல்லையே" என்றார். உண்மைதான், இல்லை. அடுத்த முறை இருக்கும்.